ஆண்டறிக்கை: மொழிக்கு ஒரு கட்டம், எழுத்துக்கு ஒரு கட்டம்

தலைவர் ஐயா அவர்களுக்கும் பெரியோர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கும்பகோணத்திலும் சுற்றுவட்டார ஊர்களிலும் வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய பத்திரங்கள், சுவடிகள், பாட்டு நோட்டுகளைப் படமெடுத்துப் பட்டியலிடுவதே இந்த ஆண்டு நம் முக்கிய வேலை. படமெடுப்பது சுலபம். பட்டியல்தான் யோசிக்க வைத்தது. வழக்கமான படிவங்களில் மொழிக்கு ஒரே கட்டம்தான். நம் வட்டாரத்துக்கு அது போதாது.

சௌராஷ்டிரர் வீட்டு நோட்டில் மொழி சௌராஷ்டிரம், எழுத்து தமிழாக இருக்கும். மெலட்டூர் பாகவத மேளா நாடகங்கள் தெலுங்கு. கைப்படி தமிழ் எழுத்திலும் இருக்கலாம். அரபுத்தமிழில் மொழி தமிழ், எழுத்து அரபு. வடமொழிச் சுவடி கிரந்த எழுத்தில், தஞ்சை மராட்டியர் ஆவணம் மோடி என்ற பழைய மராத்தி எழுத்தில். எழுத்தை மட்டும் பார்த்து ‘தமிழ்’ என்று பதிந்துவிட்டால், நாளைக்குச் சௌராஷ்டிரம் தேடி வரும் ஆய்வாளர் கண்ணில் அந்த நோட்டு படவே படாது. ஆகவே இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் என்று செயற்குழு தீர்மானித்தது. உலகத் தரக் குறியீடுகளும் அப்படித்தான்: மொழிக்கு ஐ.எஸ்.ஓ. 639, எழுத்துக்கு 15924.

உலக எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் பொதுத் தரமான யூனிகோடில் சௌராஷ்டிர எழுத்து 2008-லும், கிரந்தமும் மோடியும் 2014-லும் சேர்ந்தன. பழைய நிலக்கணக்கில் வரும் பின்னக் குறிகள் பலவும் 2019-ல்தான் வந்தன. 1/320 என்ற பின்னமான முந்திரியின் குறியை இனி உள்ளது உள்ளபடி தட்டச்சு செய்யலாம். ஆனால் குறியீடு வந்ததாலேயே கணினி பழைய கையெழுத்தைப் படித்துவிடாது. மோடிக்குப் படிக்கத் தெரிந்த மனிதர்தான் வேண்டும். அப்படிப்பட்ட பெரியவர்கள் இருக்கும்போதே நாலு பிள்ளைகளை அவர்களிடம் உட்கார வைக்க வேண்டும் என்பது என் அழுத்தமான வேண்டுகோள்.

அப்புறம் பயிற்சி. வரலாறு, இலக்கியம் போன்றவற்றைக் கணினி வழியாக ஆராயும் ‘டிஜிட்டல் ஹியூமானிடீஸ்’ பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். ‘புரோகிராமிங் ஹிஸ்டாரியன்’ என்ற இலவசப் பாடத்தொகுப்பு ஆங்கிலத்தில் தொடங்கி இன்று ஸ்பானிஷ், பிரெஞ்சு, போர்ச்சுகீஸ் மொழிகளிலும் வருகிறது. தமிழிலும் இப்படி வர வேண்டும். நம் இளைஞர்கள் படிவக் குறிப்புகளைத் தமிழில் எழுதிக் கொடுத்ததால்தான், கல்லூரிப் பக்கம் போகாத உறுப்பினர்களும் பட்டியல் வேலையில் கைகொடுக்க முடிந்தது. அவர்களுக்குச் சங்கத்தின் நன்றி.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

வரும் ஆண்டில் நாகூர், தரங்கம்பாடி பக்கம் போக உத்தேசம். பழைய தாள் உள்ள வீடுகள் தெரிந்தால் சொல்லுங்கள். படமெடுத்த கையோடு மூலத்தை உரியவரிடமே கொடுத்துவிடுவோம்.

இப்படிக்கு,
செயலாளர்