வளர்த்த நாய்க்கு நாலடி மண்

ஆசிரியருக்கு,

வளர்த்த நாயோ பூனையோ இறந்த வீட்டுக்கு யாரும் துக்கம் கேட்கப் போவதில்லை. போகிறவர்களும் 'விடுங்க, வேற ஒண்ணு வாங்கிக்கலாம்' என்று சொல்லிவிட்டு வருகிறார்கள். நம் ஊர் வழக்கம் இப்படி இருந்ததில்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. எருமைகளைக் காக்கப் போய் மாண்ட வீரனோடு, இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்ற கோவிவன் என்ற நாயையும் பெயர் சொல்லிப் பொறித்திருக்கிறார்கள். ஜல்லிக்கட்டுக் காளை இறந்தால் இன்றும் மாலை போட்டு, மேளம் அடித்து அடக்கம் செய்கிறோம். அடுக்குமாடி வீட்டில் பத்து வருஷம் கூடவே கிடந்த நாய்க்கு அழுதால் மட்டும் சிரிப்பு வருகிறது.

கால்நடை மருத்துவத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும்: இந்தத் துக்கத்தை ஆறவிடாமல் வைத்திருப்பது பெரும்பாலும் குற்ற உணர்வுதான். 'முன்னாடியே கவனிக்காம விட்டுட்டேனே' என்பார்கள். சிறுநீரகம் முக்கால் பங்கு கெட்ட பிறகுதான் ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு ஏறும். அதுவரை நாய் ஓடியாடிக்கொண்டிருக்கும். மண்ணீரலில் வரும் ஒருவகைப் புற்றுக்கட்டி வெடித்து உள்ளே ரத்தம் கசியும்வரை வெளியே ஒன்றும் காட்டாது. டாக்டரிடம் போய், 'எப்போது தெரிந்திருக்க முடியும்?' என்று நேராகக் கேளுங்கள். பல நேரம், தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை என்பதுதான் பதிலாக இருக்கும்.

தேறாத நாயைக் கருணைக்கொலை ஊசி போட்டு அனுப்பியவர்களின் வேதனை இதைவிட ஆழமானது. முதலில் மயக்க மருந்து, பிறகு நரம்பில் தயோபென்டோன் போன்ற மருந்து அதிக அளவில். ஓரிரு நிமிடத்தில் நினைவும் மூச்சும் இதயமும் நின்றுவிடும். அதன் பிறகும் ஒன்றிரண்டு முறை வாய் திறந்து மூச்சு இழுப்பதுபோல் தெரியும், தசை துடிக்கும், சிறுநீர் போகும், கண் மூடாது. இதை முன்கூட்டியே சொல்லாத டாக்டர்களால்தான் 'துடிச்சுத்தான் செத்துச்சு' என்ற எண்ணம் வருஷக்கணக்கில் அரிக்கிறது. அது வலி அல்ல; மூளை அடங்கிய பின் உடல் தானாகச் செய்வது. முடிவெடுக்கத் தடுமாறுகிறவர்கள் காலண்டரில் தினமும் நல்ல நாள், கெட்ட நாள் என்று குறித்து வரலாம். தானாகச் சாப்பிட்டதா, எழுந்து வெளியே போனதா, பெயர் சொன்னால் வாலாட்டியதா என்பதே கணக்கு. கெட்ட நாள் மிஞ்சும்போது டாக்டரிடம் ஊசி பற்றிப் பேசலாம்.

அடக்கத்துக்கு வருவோம். உடல் விறைக்கச் சில மணி நேரமே ஆகும். அதற்குள் கால்களை மடக்கி, தூங்குகிற வாகில் கிடத்துங்கள். வாய், ஆசனவாயிலிருந்து கசியும் என்பதால் அடியில் பழைய செய்தித்தாளைத் தடிமனாக விரியுங்கள். நம் வெயிலுக்கு வயிறு சீக்கிரம் ஊதும். உறவுக்காரர் வரக் காத்திருந்தால் வயிற்றோரம் ஐஸ் வையுங்கள், அன்றே அடக்கம் செய்யுங்கள். குழி நாலடிக்குக் குறையக்கூடாது. உடலுக்கு மேல் மூன்றடி மண் நிற்க வேண்டும். இரண்டடியில் புதைத்தால் தெருநாய்கள் தோண்டிவிடும். ஊசியில் இறந்த உடலென்றால், தின்னும் நாயும் காக்கையும்கூடச் சாகலாம். அந்த மருந்து உடலில் நெடுநாள் அழியாது. பருத்தித் துணியில் சுற்றுங்கள், பிளாஸ்டிக் பையில் கட்டினால் மட்காது. கிணறு, போர்வெல் பக்கத்தில் வேண்டாம். மூட்டை மூட்டையாக உப்பு கொட்டுவது மண்ணைத்தான் கெடுக்கும். தண்ணீர் விழுங்க முடியாமல், எச்சில் ஒழுக, கண்டதையும் கடித்து இறந்த நாய் என்றால் வெறிநோய் என்றே கொண்டு கையுறையில்லாமல் தொடாதீர்கள். ஏற்கெனவே கடியோ கீறலோ பட்டிருந்தால் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசிக்குப் போங்கள்.

குழந்தையிடம் 'ஊருக்குப் போயிடுச்சு', 'தூங்குது' என்று சொல்லாதீர்கள். வாசலைப் பார்த்துக் காத்திருக்கும். அல்லது தூங்கவே பயப்படும். செத்துவிட்டது, இனி வராது என்று சொல்லி, குழியில் பூப்போடவும் விடலாம். கூட வளர்ந்த நாய் சில வாரம் தேடும், சோறு குறைக்கும். வேளை தவறாமல் வைத்தால் போதும். பூனை இரண்டு நாள் எதுவும் தின்னாமல் இருந்தால் மட்டும் டாக்டரிடம் தூக்கிப் போங்கள், கல்லீரலில் கொழுப்பு சேர்ந்துவிடும். பார்வோ என்ற வைரஸ் நோயில் இறந்த குட்டியின் இடத்தில் உடனே இன்னொரு குட்டி கூடாது. அந்தக் கிருமி மாதக்கணக்கில் தரையில் இருக்கும், பினாயிலுக்கு அசையாது. சோப்பால் கழுவிய பின், 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டை (ப்ளீச் திரவம்) 30 பங்கு தண்ணீரில் கலந்து பத்து நிமிடம் ஈரமாக விட வேண்டும்.

இவ்வளவும் மண் இருப்பவர்களுக்கு. வாடகை வீட்டுக்காரர் என்ன செய்வார்? ராத்திரியில் ஏரிக்கரையிலோ குப்பைத் தொட்டியிலோ விட்டுவிட்டு வருகிறார், அதையே நினைத்துக் குமைகிறார். ஒவ்வொரு நகராட்சியும் சுடுகாட்டை ஒட்டிக் கொஞ்சம் இடம் ஒதுக்கி, குழி வெட்ட ஓர் ஆள், நியாயமான கட்டணம், ஞாயிற்றுக்கிழமையும் எடுக்கும் ஒரு தொலைபேசி எண் என்று ஏற்பாடு செய்ய வேண்டும். எண்ணைக் கால்நடை மருத்துவமனைச் சுவரில் எழுதி வைத்தால் போதும்.

இப்படிக்கு,
கால்நடை மருத்துவர் ஒருவர்,
திருச்சி