வெள்ளிக் கம்பியைப் பற்றி

அன்புள்ள நண்பா,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததென்று எழுதியிருந்தாய், பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் நலம்.

சரி, நீ வாங்க நினைக்கும் கோங்ஸ்பெர்க் வெள்ளிக்கு, அதாவது பாறைக்குள் தானாகவே கம்பியாக வளர்ந்த அந்த இயற்கை வெள்ளித் துண்டுக்கு வருகிறேன். படங்கள் அழகாகத்தான் இருக்கின்றன, ஆனால் அவசரப்படாதே. நார்வேயின் அந்தச் சுரங்கங்களில் 1623-ல் வெள்ளி கிடைத்து 1958 வரை தோண்டினார்கள், கிடைத்ததில் பெரும்பங்கு உலைக்குப் போய் உருகிவிட்டது. கால்சைட் என்ற வெளிறிய கனிமத்துக்குள்ளிருந்து சுருண்டு கிளம்பும் கம்பிகளைப் பார்த்து, இதை உருக்கக் கூடாது என்று அன்றைக்கு யாரோ எடுத்து வைத்தார்களே, அவர்களால்தான் நம் கண்ணுக்கு இவ்வளவாவது மிஞ்சியது. அதனால்தான் கல்லோடு வரும் பழைய விவரச் சீட்டு இருக்கிறதா, யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று நான் இவ்வளவு துருவிக் கேட்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. அகாந்தைட் என்பது வெள்ளி சல்பைடு, அதை உலையில் சூடாக்கினால் கந்தகம் வெளியேறி வெள்ளிக் கம்பி முளைக்கும், அதுவும் நுனியில் வளராமல் முடி மாதிரி அடியிலிருந்து தள்ளிக்கொண்டு வரும். இயற்கைக் கம்பிகளும் பல இடங்களில் இப்படித்தான் வளர்ந்திருக்க வேண்டும் என்கிறார்கள், அப்புறம் இது உலையில் முளைத்ததா, சுரங்கத்தில் பிறந்ததா என்று கண்ணால் பார்த்து எப்படிப் பிரிப்பது? கறுப்பு அகாந்தைட் மேல் பளபளவென்று மெல்லிய இழைகள் நின்றால் எனக்கு உடனே சந்தேகம் வரும். கம்பி ஒரு கால்சைட் படிகத்துக்குள் நுழைந்து மறுபக்கம் வந்திருந்தால் கொஞ்சம் நம்பலாம், அதிலும் ஒட்டுப்போட்டிருக்கிறார்களா என்று லென்ஸ் வைத்துப் பார். கம்பி நன்றாகத் தெரியட்டும் என்று கால்சைட்டை அமிலத்தில் கரைப்பது இந்தத் தொழிலில் வழக்கம்தான், ஆனால் முழுக்கக் கரைத்துவிட்டால் அது எந்தப் பாறையில் பிறந்தது என்ற சாட்சியே போய்விடுகிறது. எனக்கு அது பிடிக்காது.

வாங்கிவிட்டால், கறுத்துப்போனதைப் பார்த்துப் புளியோ திருநீறோ போட்டுத் துலக்கிவிடாதே! காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் படிந்து வரும் நிறம் அது, இருந்துவிட்டுப் போகட்டும். ரப்பரும் கம்பளியும் பக்கத்தில் வேண்டாம், அவை கந்தகத்தை வெளியிட்டுக் கறுப்பைக் கூட்டும்.

நான் ஒரு சின்ன புரூஸ்டைட் வாங்கியிருக்கிறேன், அதுவும் வெள்ளி கலந்த ஒரு கனிமம்தான், சிலியின் சான்யார்சில்யோவிலிருந்து வந்தது. ரத்தச் சிவப்பு. வெளிச்சம் பட்டால் மங்கிவிடும் என்பதால் டிராயரிலேயே வைத்திருக்கிறேன், நீ வரும்போது திறந்து காட்டுகிறேன்.

பணம் அனுப்புமுன் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல். வந்ததும் எனக்கும் அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்