பதினோராவது இன்னிங்ஸ்

ஸ்காபரோ
23 நவம்பர் 2025

அன்பின் யோகன்,

போன கிழமை போனில் "என்னடா, குரல் விழுந்துபோய்க் கிடக்கு, வீட்டில ஏதும் பிரச்சினையோ?" என்று கேட்டாய். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். வீட்டில் எல்லாரும் சுகம்தான். ஆனால் மனது சரியில்லை, அதற்குக் காரணம் ஒரு விளையாட்டு. ஐந்து நிமிடப் பேச்சில் அதைச் சொல்லி முடிக்க ஏலாது என்றுதான் இத்தனை வருடத்துக்குப் பிறகு பேனையை எடுத்திருக்கிறேன். ஆறுதலாக இருந்து வாசி.

நவம்பர் 1, சனிக்கிழமை இரவு. பேஸ்போல் உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம், கடைசி ஆட்டம். எங்கள் ரொறன்ரோ புளூ ஜேஸுக்கும் லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸுக்கும் இடையில். ஏழில் நாலு வென்றவருக்குக் கிண்ணம். ஆளுக்கு மூன்று வென்றாயிற்று. ஒன்பதாவது இன்னிங்ஸில் நாங்கள் 4-3 என்று முன்னுக்கு நிற்கிறோம். இன்னும் இரண்டு பேரை அவுட் ஆக்கினால் 32 வருடம் காத்திருந்த கிண்ணம் கையில். அந்த நேரம் பார்த்து மிகெல் ரோஹாஸ், 36 வயது, அவர்களுடைய வரிசையில் ஒன்பதாவதாக அடிக்க வருகிற ஆள், இடப்பக்க மதிலுக்கு மேலால் பந்தை அனுப்பிவிட்டார். 4-4. எங்கள் பேஸ்மென்ற்றில் பதினாலு பேர் இருந்தோம். ஒருவர் வாயிலிருந்தும் சத்தம் வரவில்லை. என் மனுசி கையில் ரோல்ஸ் தட்டோடு படியில் நின்றவள் அப்படியே நின்றுவிட்டாள்.

நீ கிரிக்கெட்காரன், அதனால் கொஞ்சம் விளங்கப்படுத்துகிறேன். இங்கே இன்னிங்ஸ் என்றால் இரண்டு அணியும் மாறி மாறி ஒருமுறை அடிக்கிற சுற்று; மூன்று பேர் அவுட் ஆனால் ஒரு அணியின் முறை முடியும், ஒன்பது சுற்றிலும் சமனென்றால் ஆட்டம் தொடரும். பந்து நிலத்தில் குத்தாமல் நேரே வரும். அடித்தவன் பேஸ் என்கிற மூன்று தட்டுகளைத் தொட்டுச் சுற்றிவந்து, புறப்பட்ட இடத்தையே திரும்ப மிதித்தால் ஒரு ஓட்டம். அந்த இடத்துக்குப் பெயர் ஹோம், வீடு. எங்கள் ஒழுங்கையில் பனைமட்டையால் விளையாடின காலம் ஞாபகம் இருக்கா? ஆச்சி வீட்டுக் கிடுகு வேலிக்கு மேலால் பந்து போனால் அவுட். இங்கே வேலிக்கு மேலால் போனால்தான் ஹோம் ரன், சும்மா நடந்தே வீட்டுக்கு வரலாம்.

நான் இந்த விளையாட்டைக் கண்ணால் படிக்கவில்லை, காதால் படித்தேன். 1991 மார்கழியில் வந்து இறங்கி மூன்றாம் நாளே டவுன்ரவுணில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவப் போனேன். சமையல்காரர் ஒரு வயதுபோன போர்த்துக்கீசர். சித்திரை பிறந்தவுடன் அடுப்புக்கு மேலே இருந்த றேடியோவை முறுக்கிவிடுவார். டொம் சீக் என்ற வர்ணனையாளரின் குரல். அவசரமே இல்லாத குரல். எனக்கு அப்போது ஆங்கிலம் அரைகுறை. முதலாளி பேசினால் பாதி விளங்காது, சீக் பேசினால் முழுக்க விளங்கும். தண்ணீர்க் குழாயை மெல்லத் திறந்து வைத்துக்கொண்டு கேட்பேன்.

இந்த அணி தொடங்கினது 1977இல். ஏப்ரல் 7, முதல் ஆட்டத்தன்றே ஸ்னோ கொட்டியது. ஐஸ் ஹொக்கிக்காரரிடம் இயந்திரம் இரவல் வாங்கி மைதானத்தைத் துப்புரவாக்கி விளையாடி, சிக்காகோவை 9-5 என்று வென்றார்கள். அந்த ஆட்டத்திலிருந்து 4,306 ஆட்டங்கள் ஒன்றுவிடாமல் வர்ணனை சொன்னவர் டொம் சீக். 2004 ஜூனில் தகப்பன் இறந்தபோதுதான் முதல் தடவையாக ஒரு ஆட்டத்துக்கு வரவில்லை. அன்று றேடியோவைப் போட்டபோது வேறு குரல். காரை ஓரம் கட்டி நிறுத்திவிட்டு இருந்தேன். யோகன், 1995 இடப்பெயர்வோடு என் அப்பா சாவகச்சேரியில் கண்ணை மூடினபோது என்னால் வர முடியவில்லை. செய்தியே எனக்கு ஐந்து கிழமை கழித்துத்தான் கிடைத்தது. பாதை இல்லை, விசா இல்லை. என் இடத்தில் நீ நின்று கொள்ளி வைத்தாய். 2004இல் அந்த மனிதர் தகப்பனிடம் போய்விட்டார் என்று கேட்டதும் நெஞ்சு நிறைந்துபோனது. அடுத்த வருடமே அவரும் போய்விட்டார். ஆட்டங்களின் அந்த எண்ணிக்கையை, 4306 என்று, மைதானத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். போகும்போதெல்லாம் அண்ணாந்து பார்ப்பேன்.

1992க்கு வருகிறேன். டேவ் வின்ஃபீல்ட் என்று ஒருவர். 1983இல் அவர் நியூயோர்க் அணியில் இருந்தபோது, இங்கே ஆட்டத்தின் நடுவில் எறிந்த பந்து பட்டு ஒரு கடற்புறா செத்துவிட்டது. பொலிஸ் பிடித்து ஸ்ரேஷனுக்குக் கொண்டுபோய் வழக்கே போட்டது, பிறகு கைவிட்டார்கள். பல வருடம் இந்த ஊர்ச் சனம் அவரைக் கண்டால் கூவும். அதே வின்ஃபீல்ட் 1992இல் எங்கள் அணிக்கு வந்தார். 41 வயது. அட்லாண்டாவில் உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம், பதினோராவது இன்னிங்ஸ்: இடப்பக்கக் கோட்டை ஒட்டி ஒரு அடி, இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். 4-2. அட்லாண்டாக்காரர் ஒன்றைத் திருப்பி எடுத்து, சமன் செய்ய வேண்டியவன் மூன்றாம் பேஸில் நிற்க, கடைசி ஆள் அவுட். கனடாவுக்கு முதல் கிண்ணம். இந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொள், திரும்ப வருவேன்.

அடுத்த வருடம் ஒக்ரோபர் 23. ஃபிலடெல்பியா 6-5 என்று முன்னுக்கு. ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு பேர் பேஸில். ஜோ கார்ட்டர் அடித்த பந்து இடப்பக்க மதிலைத் தாண்டியது, தொடரே முடிந்தது. கார்ட்டர் சின்னப் பிள்ளைபோலத் துள்ளித் துள்ளி ஓடுகிறார், பேஸைத் தொடு தொடு என்று டொம் சீக் சொல்கிறார், இதைவிடப் பெரிய அடி உன் வாழ்க்கையில் இனி இல்லை என்கிறார். சமையல்காரர் சவர்க்கார நுரையோடு நின்ற என்னைக் கட்டிப்பிடித்துவிட்டார். வேலை முடிந்து வெளியில் வந்தால் யங் வீதி முழுக்கச் சனம். அன்று இரவே உனக்குக் கடிதம் எழுதினேன். கொழும்பால் சுற்றி அது வந்து சேர்ந்ததோ தெரியாது. "இந்த ஊர்க்காரர்கள் வென்றுவிட்டார்கள்" என்று அதில் எழுதியிருந்தேன். அந்த வசனம் எனக்கு நல்ல ஞாபகம். இந்தக் கடிதத்தைத் தொடங்கினதிலிருந்து நான் "நாங்கள்" என்று எழுதிக்கொண்டிருப்பதை இப்போதுதான் கவனிக்கிறேன்.

அதற்குப் பிறகு வரட்சி. 1994இல் வேலைநிறுத்தம், உலகத் தொடரே நடக்கவில்லை. ரோய் ஹலடே என்று பொன்னான ஒரு பந்துவீச்சாளர் 12 வருடம் இங்கே எறிந்தும் பிளேஓஃப், அதுதான் வருட முடிவில் முன்னணி அணிகள் மட்டும் மோதுகிற சுற்று, அதில் ஒரு ஆட்டம்கூடக் காணாமல் போனார். 22 வருடம் கழித்து, 2015இல்தான் திரும்ப உள்ளே போனோம். ஹொசே பவுட்டிஸ்டா அடித்துவிட்டு மட்டையைத் தூக்கி வீசினது அந்த வருடம். அப்போதும் உலகத் தொடர்வரை போகவில்லை.

2024இல் எங்கள் பிரிவில் கடைசி இடம். 74 வெற்றி, 88 தோல்வி. இந்த வருடம் 94 வெற்றி! நியூயோர்க் யாங்கீஸுக்கும் 94தான். ஆனால் நேருக்கு நேர் மோதினதில் எங்களுக்கு 8, அவர்களுக்கு 5. அந்தக் கணக்கில் முதலிடம் எங்களுக்கு. ஜோர்ஜ் ஸ்பிரிங்கரைப் போன வருடம் எல்லாரும் முடிந்துபோன ஆள் என்றார்கள்; 35 வயதைத் தாண்டி 32 ஹோம் ரன் அடித்தார். ட்ரே யெசாவேஜ் என்ற 22 வயதுப் பெடியன் சித்திரையில் ஆகக் கீழ்ப்படி அணிகளில் எறிந்துகொண்டிருந்தவன்; உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் 12 பேரை அடிக்கவே விடாமல் அவுட் ஆக்கினான். ஒரு புதுமுகம் உலகத் தொடரில் அப்படிச் செய்ததே இல்லை. எர்னி கிளெமென்ட்டை வேறு அணி வேண்டாமென்று விட்டது. பிளேஓஃபில் 30 தடவை அடித்துப் பேஸுக்குப் போய் எல்லாக் காலத்துக்குமான சாதனை வைத்துவிட்டார். விளாடிமிர் கெரேரோ ஜூனியர் மொன்றியலில் பிறந்தவர், தகப்பன் அங்கே விளையாடின காலத்தில். மொன்றியல் அணி 2004ஓடு போய்விட்டது. இப்போது இந்த நாட்டுக்கு மிஞ்சியிருப்பது எங்கள் அணி ஒன்றுதான். கெரேரோ இன்னும் 14 வருடம் இங்கேயே இருப்பதற்குச் சித்திரையில் ஒப்பந்தம் போட்டார். என் பேத்தி அவருடைய 27ஆம் இலக்கச் சட்டையைக் கழற்றுவதே இல்லை, தோய்க்கிற நாளைத் தவிர.

சரி, அந்த இரவு. மூன்றாவது இன்னிங்ஸில் போ பிஷெட், முழங்கால் நோவோடு நொண்டிக்கொண்டு விளையாடினவர், டொட்ஜர்ஸின் ஒட்டானி எறிந்த பந்தை அடித்து ஒரே அடியில் மூன்று ஓட்டம் தந்தார். வீடே அதிர்ந்தது. பிறகுதான் ஒவ்வொன்றாகக் கரைந்து, ரோஹாஸின் அந்த அடியோடு சமனாகிவிட்டது.

ஆனால் எங்களுக்கு இன்னும் ஒன்பதாவதின் பின்பாதி இருந்தது. மூன்று பேஸிலும் ஆள், ஒருவர் மட்டும் அவுட். ஒரு ஓட்டம் வந்தால் கிண்ணம். மூன்றாம் பேஸில் நின்றவர் கைனர்-ஃபலேஃபா. பிஷெட்டால் ஓட முடியாததால் அவருக்குப் பதிலாக விட்டிருந்தார்கள். முந்தின இரவு ஆறாவது ஆட்டம் முடிந்ததே, பேஸை விட்டு விலகி நின்ற எங்கள் ஆள் பந்து பிடிபட்டதும் திரும்பி ஓட முடியாமல் அவுட் ஆகித்தான். அந்தப் பிழை திரும்ப வரக்கூடாது என்று, பேஸை ஒட்டி நிற்கச் சொல்லியிருந்தார்கள். வார்ஷோ பந்தைத் தரையோடு அடித்தார். ரோஹாஸ், அதே ரோஹாஸ், தடுமாறிக்கொண்டே பிடித்து எறிந்தார். ஓடி வந்தவர் சறுக்கிக் கால் நீட்ட, பந்து முந்திவிட்டது. கீப்பரின் கால் வீட்டுத் தட்டில் இருந்ததா என்று திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். இருந்தது. ஒரு எட்டு முன்னுக்கு நின்றிருந்தால் என்று மூன்று கிழமையாக எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. கைனர்-ஃபலேஃபாவைத் திட்டுகிறவர்களோடு நான் சண்டை பிடிக்கிறேன். அவர் சொன்னதைத்தான் செய்தார்.

அடுத்த பந்தைக் கிளெமென்ட் உயரத் தூக்கினார். எல்லாரும் எழும்பிவிட்டோம். அப்போதுதான் உள்ளே வந்திருந்த, அவர்களுடைய பாஹேஸ் என்ற ஆள் ஓடிவந்து, தன்னுடைய கூட்டாளிமேலேயே மோதி விழுத்திப் பிடித்தார்.

பதினோராவது இன்னிங்ஸில் அவர்களுடைய வில் ஸ்மித் ஒரு ஹோம் ரன். 5-4. எங்கள் முறைக்கு முதல் ஆளாகக் கெரேரோ அடித்து இரண்டாம் பேஸுக்குப் போனார், அடுத்தவர் தன்னைக் கொடுத்து அவரை மூன்றாம் பேஸுக்குத் தள்ளினார். சமன் செய்ய வேண்டியவன் மூன்றாம் பேஸில். 1992இல் அந்த இடத்தில் நின்று பார்த்தவன் அட்லாண்டாக்காரன். இந்த முறை எங்கள் கெரேரோ. எங்கள் கேர்க்கின் மட்டை முறிந்து பந்து உருண்டது, ஒரே பந்தில் இரண்டு அவுட். வீடு வெறும் 90 அடி தூரத்தில். எறிந்தவர் யமமோட்டோ, முந்தின இரவு ஆறு இன்னிங்ஸ் எறிந்த கையோடு வந்து எறிந்தார். அப்படி ஒரு நெஞ்சுரத்தை நான் கண்டதில்லை. அவருக்கு எழும்பி நின்று கை தட்டினேன், கண்ணீரோடு.

நேரம் பன்னிரண்டேகால் தாண்டிவிட்டது. எல்லாரும் செருப்பைப் போட்டுக்கொண்டு பேசாமல் போனார்கள். அன்றிரவுதான் இங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்புகிற நாள். குசினிச் சுவர் மணிக்கூட்டைக் கழற்றி முள்ளைத் திருப்பிக்கொண்டு நின்றேன். பேத்தி நித்திரைக் கண்ணோடு வந்து, "அம்மப்பா, இப்ப அந்த ஒரு மணித்தியாலத்தைத் திருப்பி விளையாடுவினமோ?" என்று கேட்டாள். தூக்கி வைத்துக்கொண்டேன். அவளுக்கு ஏழு வயது. அவள் கண்ட முதல் உலகத் தொடர்.

பிஷெட்டின் ஒப்பந்தம் முடிந்துவிட்டது, எங்கே போவாரோ தெரியாது. போனால் மனம் தாங்காது. மாசி நடுப்பகுதியில் புளோரிடாவில் டனீடன் என்ற ஊரில் பயிற்சி தொடங்கும். 1977இலிருந்து அதே ஊர்தான். அதுவரைக்கும் ஸ்னோ அள்ளவேண்டியதுதான்.

உன் முழங்கால் எப்படி? வைத்தியர் நடக்கச் சொன்னால் நட, பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போகிற வேலையை விடு. தைமாதம் மைத்துனர் யாழ்ப்பாணம் வருகிறார். அவரிடம் ஒரு நீலத் தொப்பி கொடுத்து விடுகிறேன். முன்பக்கம் பறவை இருக்கும், அதுதான் புளூ ஜே. வெயிலுக்குப் போடு. அந்த 1993 கடிதம் கிடைத்ததா என்றும் மறக்காமல் எழுது.

அன்புடன்,
சிவம்