பொதிகை ஏறிவிட்டேன் மாப்ள

அன்புள்ள மாப்ள,

இங்கே எல்லாரும் சுகம். தங்கச்சியும் பிள்ளைகளும் சுகம்தானே? அம்பாசமுத்திரத்தில் வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன். பொதிகை உச்சிக்குப் போய்வந்துவிட்டேன்! ஏட்டையாவிடம் நீயே சொல்லிவிடு, நான் சொன்னால் சத்தியம் கேட்பார்.

கேரளப் பக்கம் போனக்காட்டில் கிளம்பி முதல் நாள் அதிருமலை முகாம் வரை நடை. ஆறும் நிழலுமாகப் போகிற பாதை திடீரென்று புல்மேட்டில் விட்டுவிடும். வழியெல்லாம் யானைப் பிண்டம். மறுநாள் உச்சி. கடைசியில் மொட்டைப் பாறை, கயிற்றைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். 1,868 மீட்டர் உயரத்தில் காற்று ஆளையே தள்ளுகிறது. அகத்தியர் கூரையில்லாமல் நிற்கிறார். அக்காவிடம் மறக்காமல் சொல், 2019 முதல் பெண்களும் ஏறுகிறார்கள். அடுத்த தை மாதம் அனுமதிச்சீட்டு போடும்போது அக்கா பெயரையும் சேர்க்கிறேன். நீ வருவாயோ, வழக்கம்போல முழங்கால் வலி வருமோ!

மேகம் விலகினபோது கிழக்கே நம் பக்கத்துக் காடு தெரிந்தது மாப்ள. தாமிரபரணி பிறக்கிற காடு. நம் வீட்டு மாடியிலிருந்து பார்க்கிற மலைக்கு கேரளா சுற்றித்தான் போக முடிகிறது. அதில் எனக்கு வருத்தமில்லை. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், நம் பக்கத்துப் பாதையை அடைத்தது நல்லதுதான். ஆடி அமாவாசை முடிந்து சொரிமுத்தையனார் கோயில் பக்கம் ஆற்றில் கிடக்கிற துணியை நீயும் பார்த்திருக்கிறாய். அந்தக் கூட்டம் ஆறு பிறக்கிற பூங்குளம் வரை போனால் ஆறு என்னத்துக்கு ஆகும்?

ஆனால் பாதையின் நினைவும் சேர்ந்து போகக்கூடாது. என் மலை நோட்டில் ஒவ்வொரு நடைக்கும் தண்ணீர் எங்கே, அட்டை எங்கே, எந்த ஏற்றத்தில் மூச்சு வாங்கும் என்று எழுதி வைக்கிறேன். நம் பக்கத்துப் பாதைக்கு மட்டும் வெறும் பெயர்கள்தான் இருக்கின்றன: பாணதீர்த்தம், இஞ்சிக்குழி, கன்னிகட்டி, பூங்குளம், சங்குமுத்திரை. மாமா அந்த வழியாக நடந்தவர். ராத்திரி எங்கே தங்கினார்கள், வழிகாட்டின மலைவாசி காணிக்காரர் எந்தக் குடியிருப்பு, அரிசி பருப்பை யார் சுமந்தது, மழை பிடித்தால் எங்கே ஒதுங்கினார்கள், எல்லாம் கேள். ஒரே நாளில் கேட்காதே, களைத்துவிடுவார். காலையில் காப்பி குடித்ததும் நன்றாகப் பேசுவார். போனில் பதிவு பண்ணி அப்படியே அனுப்பு, எழுதிக்கொள்வது என் வேலை.

அவருக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது, மாப்ள. சித்திரைக்குள் பதிவு வரவில்லை என்றால் நானே பஸ் ஏறி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். தங்கச்சியிடம் இப்போதே சொல்லி வை.

அன்புடன்,
உன் மச்சான்