உயிர் காலேஜ்

அன்பு மஞ்சு,

அம்மா எழுதறேன். வீடியோ கால்ல நீ எப்பவும் அவசரத்துலயே இருக்க, அதான் உக்காந்து டைப் பண்றேன், டூட்டி முடிச்சு வந்து நிதானமா படி.

போன வாரம் உன் பையன் குட்டி, பென்குயின் போட்டோவக் காட்டிட்டு "பாட்டி, உங்க ஊர்ல ஜூ இருக்கா"ன்னு கேட்டான்ல, அதுலேர்ந்து எனக்கு மனசு ஆறல. உங்க எடின்பரோ ஜூ வந்தது 1913ல. நம்ம மெட்ராஸ் ஜூ 1855. அத ஆரம்பிச்ச எட்வர்ட் பால்ஃபர் யாருன்னு நெனக்கிற, ஸ்காட்லாந்துல பொறந்து நீ இப்ப இருக்கற அதே எடின்பரோல வைத்தியம் படிச்ச டாக்டர். இத குட்டிகிட்ட நீதான் சொல்லணும்.

எழும்பூர் மியூசியத்துக்கு மொத அதிகாரி அவருதான், 1851ல. வெறும் கல்லும் எலும்பும் வெச்சா எத்தன பேர் வருவாங்க? ஒரு புலிக்குட்டியையும் சிறுத்தைக்குட்டியையும் உயிரோட அங்க வெச்சாரு, ஜனம் ஆயிரக்கணக்குல வந்துருச்சு. அதப் பாத்துட்டு கர்நாடக நவாப்கிட்ட, அதான் நம்ம ஆற்காட்டு நவாப், பேசி அவர் வளத்த மிருகங்களையெல்லாம் வாங்கிட்டாரு. ஆசையா வளத்தத ஊர் ஜனம் பாக்கட்டும்னு தூக்கிக் குடுத்த நவாப்பையும் நாம நெனச்சுக்கணும். அடுத்த வருஷமே முந்நூறுக்கும் மேல உயிருங்க இருந்துச்சாம். எங்க ஆயா மியூசியத்த செத்த காலேஜ்னும் ஜூவ உயிர் காலேஜ்னும் தான் சொல்லும், ஜூன்னு அது வாயில ஒரு நாளும் வந்ததில்ல.

அப்புறம் 1860கள்ல மிருகங்க பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாறிடுச்சு. கவர்னர் டிரெவிலியன் ஜனங்களுக்குன்னே சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்துல போட்ட பார்க் அது, 116 ஏக்கர். நூத்துச் சொச்சம் வருஷம் கார்ப்பரேஷன் தான் அங்க ஜூவ நடத்துச்சு. எங்கப்பா என்னை கூட்டிட்டுப் போனது அங்கதான், மூர் மார்க்கெட்ல பழைய புக் வாங்கிட்டு அப்படியே பின்னாடி. எனக்கு எட்டு வயசு, கைல வேர்க்கடலை பொட்டலம். புலி அந்தக் கூண்டுக்குள்ள நாலு எட்டு வெக்கும் திரும்பும், நாலு எட்டு வெக்கும் திரும்பும், ஒவ்வொரு தடவ திரும்பறப்பவும் அதே எடத்துல தோள் கம்பில ஒரசும், அங்க மட்டும் கம்பி பளபளன்னு தேஞ்சு போயிருந்துச்சு. கடலை அப்படியே கைல இருந்துச்சு, சாப்பிடத் தோணல. அப்பா ஒண்ணுமே பேசாம என்னை தூக்கிக்கிட்டாரு.

அதனாலதான் சொல்றேன், ஆரம்பிச்சவர் எவ்ளோ பெரியவரோ அவ்ளோ பெரியவங்க அந்தக் கூண்ட விட்டு வெளிய கொண்டு வரணும்னு முடிவு பண்ணவங்களும். எடமும் பத்தல, வண்டிப் பொக வேற. 1979ல வண்டலூர் காட்டுல 1,265 ஏக்கர் ஒதுக்கினாங்க. அப்ப அது வெறும் முள்ளுக்காடு, ஃபாரஸ்ட்காரங்களும் சுத்துப்பட்டு ஊர் ஜனங்களும் சேந்து மரம் நட்டு வளத்ததுதான் இப்ப நீ பாக்கற காடு. 1985 ஜூலைல எம்.ஜி.ஆர். வந்து தொறந்து வெச்சாரு, அண்ணா பேரு வெச்சாங்க. கம்பிக்குப் பதிலா அகழி. உன்னை மொத தடவ அங்க கூட்டிட்டுப் போனப்ப புலி மரத்தடில மல்லாந்து தூங்கிட்டு இருந்துச்சு, நீ எழுப்பச் சொல்லி அழுத, நான் எழுப்பாம ரொம்ப நேரம் பாத்துட்டே நின்னேன், ஞாபகம் இருக்கா? வர்தா புயல்ல அங்க ஆயிரக்கணக்குல மரம் விழுந்துச்சுன்னு நியூஸ்ல காட்டினப்ப சொந்த வீடு இடிஞ்ச மாதிரி இருந்துச்சுடி எனக்கு. மரத்த வெட்டினா மழை கொறயும்னு பால்ஃபர் 1840கள்லயே எழுதி வெச்சிருக்காரு, அவர் ஆரம்பிச்ச ஜூ கடைசில ஒரு காட்டுக்கே போய்ச் சேந்துச்சு.

இன்னொண்ணு, இது உனக்கு மட்டும். 1875ல நாலு பொண்ணுங்கள மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல சேத்துக்கிட்டாங்கல்ல, அதுக்காகப் பேசினவரும் இதே பால்ஃபர் தான். நீ வெள்ளக் கோட் போட்டுட்டு அந்த கேட்ல நின்ன போட்டோ இன்னும் சாமி ரூம்ல இருக்கு.

டிசம்பர்ல வாங்க. எழும்பூர்ல மொதல்ல செத்த காலேஜ காட்டிட்டு அங்கேர்ந்தே கரண்ட் டிரெயின் புடிச்சு வண்டலூர் போயிடலாம், குட்டிய பேட்டரி வண்டில வெச்சு நானே சுத்திக் காட்டறேன். மியூசியம் வெள்ளிக்கெழம லீவு, ஜூ செவ்வாக்கெழம லீவு, அதப் பாத்து டிக்கெட் போடு.

அம்மா