சேகருக்கு: ஜீப் சேஸ் (அடிச்சட்டம்) விஷயமாக

தூத்துக்குடி,
ஞாயிறு.

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மகள் வேலைக்குச் சேர்ந்ததில் இங்கே எல்லாருக்கும் சந்தோஷம். அப்பாவின் கண் ஆபரேஷன் எப்படி முடிந்தது என்று எழுதவே இல்லையே? இங்கே எல்லாரும் நலம். நான் சோற்றுக்கு மட்டும்தான் ஜீப்புக்கு அடியிலிருந்து வெளியே வருகிறேன் என்று வீட்டில் புகார்.

உன் ஜீப்பின் அடிப்பாகத்துக்கு அண்டர்பாடி கோட்டிங் என்கிற கறுப்புப் பூச்சை அடித்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். அவசரப்பட்டு அடித்துவிடாதே. துருவின் மேல் தார் மாதிரி கறுப்பைப் பூசினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். துரு எந்த அளவுக்கு அரித்திருக்கிறது என்பதும் கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

என்னுடையது மாமனார் உப்பளத்துக்கு ஓட்டிய எம்எம் 540, பழைய மஹிந்திரா ஜீப். மேலே பெயிண்ட் பளபளவென்றுதான் இருந்தது. சேஸை நீளவாக்கில் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனேன். நல்ல இரும்பு கணீரென்றது. பின் ஸ்பிரிங் பிராக்கெட் பக்கம் வந்ததும் ‘டொப்’. அங்கே ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் அப்படியே உள்ளே போகிறது! முன்பு யாரோ பலத்துக்காகச் சேனலுக்கு, அதாவது சேஸின் ஒரு பக்கம் திறந்த நீள இரும்புக்கு, தகடு வைத்துப் பெட்டியாக மூடியிருக்கிறார்கள், தண்ணீர் வடிய ஓர் ஓட்டைகூட விடாமல். வெட்டித் திறந்தால் உள்ளே சேறும் உப்பும், ஏடு ஏடாக உரியும் துருவும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்குமல்லவா, இரட்டைத் தகடு வைத்த இடங்களில் தகட்டையே நெம்பிப் பிளந்திருக்கிறது.

பாடியைத் தூக்குமுன் மூலைக்கு மூலை குறுக்காக டேப் பிடித்து அளந்து சுவரில் எழுதி வைத்தேன். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால்தான் சேஸ் கோணவில்லை என்று அர்த்தம். டீசல் டேங்கைக் கழற்றி, பேட்டரி ஒயரையும் ஆல்டர்னேட்டர் ஒயரையும் பிரித்த பிறகுதான் பட்டறைத் தம்பியை வெல்டிங் மெஷினோடு வரச் சொன்னேன். ஒட்டுத் தகட்டைச் சதுரமாக வெட்ட நான் விடவில்லை. வெல்டிங் மேலிருந்து கீழே நேராக விழுந்தால், குலுங்கக் குலுங்க அந்தக் கோட்டிலேயே விரிசல் ஓடும். சாய்சதுரமாக வெட்டி முனைகளை மழுக்கினோம். சேனலின் மேல், கீழ் விளிம்புகளில் குறுக்கே வெல்டிங் ராடு படவே கூடாது. ஒரே இழுப்பாக இழுக்காமல் இங்கே ஓர் அங்குலம், அங்கே ஓர் அங்குலம் என்று சூடு ஆறவிட்டுத்தான் வைத்தான். திரும்பவும் மூடிய தகட்டின் அடியோரத்தில் வடிகால் ஓட்டை போட்டாயிற்று.

நாம் காரைக்குடியில் படித்தபோது செக்ரி பக்கம் போவோமே, ஞாபகம் இருக்கிறதா? 1953இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம். இரும்பை உப்புக்காற்று எப்படித் தின்கிறது என்று பார்க்க, ராமேஸ்வரம் போகிற வழியில் உள்ள மண்டபம் ஊரில் அவர்களுக்குத் தனி நிலையமே உண்டு. எங்கள் ஊரும் அதே கடற்கரைதான். குழிகளுக்குள் உப்பு கொஞ்சம் தங்கினாலும் பெயிண்டுக்கு அடியில் மறுபடி துரு கிளம்பும். அதனால் முதலில் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிட்டு, அப்புறம்தான் கிரைண்டரில் கப் பிரஷ் (கிண்ணம் மாதிரி கம்பி பிரஷ்) மாட்டித் தேய்த்தேன். எட்டாத மூலைகளில் மட்டும் பாஸ்பாரிக் ஆசிட் கலந்த துருமாற்றி. பூசினால் மெல்லிய துரு கறுத்துக் கெட்டியாகிவிடும். அதன் மேல் எபாக்சி பிரைமர் என்கிற அடிப்பூச்சு. ஜிங்க் பிரைமரை வெள்ளை வெளேரென்று தேய்த்த இரும்பின் மேல் மட்டுமே அடித்தேன். துத்தநாகம் தான் அரிபட்டு இரும்பைக் காக்கும் ஜாதி, நடுவில் துரு இருந்தால் அந்த வேலை நடக்காது. கடைக்காரர் சாதாரண ரெட் ஆக்சைடு பிரைமரே போதும் என்றார். உங்கள் கோயம்புத்தூருக்குப் போதுமாக இருக்கலாம், இங்கே தாங்காது. மேலே சேஸ் பிளாக் என்கிற கறுப்பு பெயிண்ட். பெட்டிக்குள் நீளக் குழாய் விட்டு மெழுகுக் கலவை பீய்ச்சினேன். என்னைக் கேட்டால் வெளிப்பூச்சைவிட இதுதான் முக்கியம்.

இன்னொன்று. சேஸ் நம்பர் மேல் கிரீஸ் தடவி டேப் ஒட்டிவிடு, கிரைண்டர் படவே கூடாது. 15 வருஷம் தாண்டிய வண்டி, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பிக்க வேண்டும். பென்சிலால் தேய்த்து நகல் எடுக்கும்போது எழுத்து பளிச்சென்று விழாவிட்டால் அலைச்சல்தான்.

உங்கள் பக்கம் ஃபவுண்டரிகள் நிறைய உண்டே, இரும்புக் குருணையை வீசியடித்துத் துருவை உரிக்கும் ஷாட் பிளாஸ்டிங்குக்குக் கிலோவுக்கு என்ன வாங்குகிறார்கள் என்று விசாரித்து எழுது. பிராக்கெட்டுகளும் ஸ்டெப்னி ஸ்டாண்டும் இன்னும் கழற்றியபடியே கிடக்கின்றன. கட்டுப்படியானால் பார்சல் சர்வீஸில் போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
ராஜா