தேய்ப்பு மேசைக்கு எட்டடிக்கு ஆறடி இடம்: குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

அடுக்குமாடிக் குடியிருப்பு நலச் சங்கங்களின் தலைவர், செயலாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

உங்கள் கட்டடங்களின் தரைத்தளத்திலும் வாசல் ஓரத்திலும் துணி தேய்க்கிறவர்கள் நாங்கள். மேசையை எடுக்கச் சொல்லும்போது சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: "இப்போ எல்லார் வீட்லயும் அயர்ன் பாக்ஸ் இருக்கு. இவங்க எதுக்கு?" வீட்டுக்கு வீடு பெட்டி இருப்பது உண்மை. அந்தப் பெட்டியில் எது தேய்க்கப்படுகிறது, எது தேய்க்க முடியாமல் மூட்டையாகக் கீழே வருகிறது என்பதையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

வீட்டில் தேய்ப்பது அநேகமாக அன்றைக்குப் போடவேண்டிய ஒரு சட்டை, இல்லாவிட்டால் பிள்ளையின் சீருடை. டி-ஷர்ட்டை யாரும் தேய்ப்பதில்லை, தேய்க்கத் தேவையுமில்லை. பின்னல் துணியை உதறி, ஈரத்தோடு தோளும் ஓரமும் இழுத்துவிட்டுக் காயப்போட்டாலே போதும். பாலியஸ்டர் கலந்த சீருடைக்கும் மேலோட்டமான தேய்ப்பே போதும். எங்களிடம் வருவது பருத்திப் புடவை, கஞ்சி போட்ட வேட்டி, லினன் சட்டை, மடிப்பு நிற்கவேண்டிய பேன்ட், இரட்டைக் கட்டில் விரிப்பு. இவற்றை மக்கள் சோம்பலால் வெளியே கொடுப்பதில்லை. வீட்டுப் பெட்டியும் வீட்டு மேசையும் இவற்றுக்குப் போதவில்லை.

சுருக்கம் எடுக்க சூடு, ஈரம், எடை மூன்றும் சேரவேண்டும். சூடும் ஈரமும் நூலை இளக்கும், எடை அதைத் தட்டையாக்கும், ஈரம் போய் ஆறும்போது அந்த நிலையிலேயே துணி நின்றுவிடும். இதில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டுக்கும் சுமை கூடும். வீட்டில் இருக்கும் சாதாரணப் பெட்டி 750 முதல் 1000 வாட். எடை ஒரு கிலோ பக்கம். எங்கள் கரிப்பெட்டி ஆறேழு கிலோ. நாங்கள் அதைத் தள்ளுகிறோமே தவிர அழுத்துவதில்லை. அழுத்தும் வேலையை எடையே பார்த்துக்கொள்ளும். வீட்டில் அந்த வேலை தோளுக்குப் போகிறது. நாலு சட்டைக்கு மேல் கை வலிப்பது அதனால்தான். கை வலிக்க ஆரம்பித்ததும் பலரும் சூட்டைக் கூட்டுகிறார்கள். துணி அங்கேதான் பாழாகிறது.

ஸ்டீம் பெட்டி இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டும், தண்ணீர் நல்லதாக இருந்தால். போர் தண்ணீரை ஊற்றினால் அதிலுள்ள உப்பு அடித்தட்டின் துளைகளில் படிந்துவிடும். முதலில் ஆவி குறையும், பிறகு வெள்ளைப் பொடியும் பழுப்புத் துளிகளும் வெள்ளைச் சட்டையில் விழும். தொட்டியில் மீதித் தண்ணீரை விட்டு வைத்தால் இன்னும் சீக்கிரம் கெடும். காய்ச்சி வடித்த தண்ணீர் (டிஸ்டில்டு வாட்டர்) ஊற்றுங்கள். வேலை முடிந்ததும், சூடு இருக்கும்போதே தொட்டியைக் காலி செய்துவிடுங்கள்.

வீட்டில் தேய்க்கிறவர்களுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுப்பதில் எங்களுக்குத் தயக்கம் இல்லை. தேய்ப்பதை ஒரே தடவையாகச் சேர்த்துவையுங்கள். பெட்டி சீக்கிரம் சூடாகும், ஆனால் மெல்லத்தான் ஆறும். அதனால் பாலியஸ்டர், நைலான் முதலில், பட்டும் கம்பளியும் அடுத்து, பருத்தியும் லினனும் கடைசியில். துணியின் லேபிளில் உள்ள பெட்டிப் படத்தில் ஒரு புள்ளி இருந்தால் சுமார் 110 டிகிரி செல்சியஸ், இரண்டுக்கு 150, மூன்றுக்கு 200. பருத்திச் சூட்டில் பாலியஸ்டரை வைத்தால் இழை உருகிப் பளபளப்பாகும். கறுப்பு பேன்ட்டின் முழங்காலில் மினுங்கும் அந்தத் தடம் எந்தச் சோப்புக்கும் போகாது. பேன்ட்டை உட்புறம் தேய்க்கலாம், இல்லையென்றால் மேலே ஈரமான மெல்லிய துணி போட்டுத் தேய்க்கலாம்.

பருத்தியை மொடமொடவென்று காயவிட்டு அப்படியே தேய்த்தால் சுருக்கம் எளிதில் போகாது. தண்ணீர் தெளித்து, சுருட்டி, அரைமணி வையுங்கள், ஈரம் பரவிவிடும். தெளித்த உடனே தேய்த்தால் நனைந்த இடம் ஒரு மாதிரி, நனையாத இடம் ஒரு மாதிரி என்று திட்டுத்திட்டாக நிற்கும். கஞ்சியைப் பொறுத்தவரை மெல்லியதாகப் போட்டு நன்றாக உதறிக் காயவைக்க வேண்டும். கட்டி தட்டிய கஞ்சி பெட்டியின் அடியில் ஒட்டிக் கருகும். அந்தக் கருகல் அடுத்த துணியில் இறங்கும். வியர்வைக் கறையோடு இருக்கும் சட்டையைத் தேய்க்கவே தேய்க்காதீர்கள். சூடு பட்டால் அந்த மஞ்சள் துணியிலேயே நிலைத்துவிடும்.

சட்டைக்கு முதலில் காலர். காலரின் பின்பக்கத்தைத் தேய்த்த பிறகு அதன் முன்பக்கம், இரண்டு முனைகளிலிருந்தும் நடுவை நோக்கி. நடுவிலிருந்து முனைக்குத் தள்ளினால் மிச்சத் துணி முனையில் குவிந்து மடிப்பு விழும். காலருக்குள் பசை வைத்து ஒட்டிய ஒட்டுத்துணி இருக்கிறது. அதிகச் சூட்டில் பசை விட்டால் காலரில் கொப்புளம் கிளம்பும், அதற்கு மருந்தே இல்லை. காலருக்குப் பிறகு தோள்பட்டை, கஃப், கை, முன்பக்கம், முதுகு. பட்டுப் புடவையை உட்புறமாகத் தேய்க்க வேண்டும், ஜரிகை மேல் துணி போடாமல் பெட்டி படவே கூடாது.

புடவையில்தான் வீட்டு மேசை தோற்கிறது. மடக்கு மேசையின் அகலம் ஒன்றேகால் அடி இருந்தால் பெரிது. புடவை நாலு அடி அகலம், ஐந்தரை மீட்டர் நீளம். ஒரு பக்கம் தேய்க்கத் தேய்க்க மறுபக்கம் தரையில் விழுந்து கசங்குகிறது. எங்கள் மேசை ஆறடி நீளம், மூன்றரை அடி அகலம், இடுப்பு உயரம். மேலே பழைய கம்பளி இரண்டு மூன்று மடிப்பு, அதன்மேல் வெள்ளைக் காடாத் துணி இழுத்துக் கட்டியிருக்கும். கம்பளிதான் எடையை வாங்கிக்கொண்டு பொத்தான் உடையாமல் காக்கிறது. இந்தப் பரப்பில் புடவையை நாலாக மடித்து, கரையோடு கரை சேர்த்து, ஒரே ஆள் முடித்துவிடலாம். கட்டிலின் மேல் போர்வை விரித்துத் தேய்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மெத்தை அமுங்கும், எடை வீணாகும். நுரைமெத்தையில் பெட்டியை மறந்து வைத்தால் தீப்பிடிக்கும்.

உங்களில் பலர் சொல்லும் இன்னொரு குறை கரி. அதில் நியாயம் இருக்கிறது, அதை மறுக்க மாட்டோம். மூட்டும்போது புகை வரும். ஈரக்கரி என்றால் வெடித்துப் பொறி தெறிக்கும். சாம்பல் துளை வழியாக வெள்ளைத் துணியில் விழும். புகை அடங்கிய பிறகும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. நாள் முழுதும் அதன் மேல் குனிந்து நிற்கிறவர்கள் நாங்கள்தான். காற்றோட்டமில்லாத படிக்கட்டடியில் ஒதுக்கிவிட்டு, "இடம் கொடுத்தாச்சு" என்று சொல்வது சரியல்ல.

எரிவாயுப் பெட்டி நல்ல மாற்று. ஐந்து கிலோ சிலிண்டர், ரெகுலேட்டர், ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ரப்பர் குழாய், உள்ளே பர்னர் வைத்த கனமான பெட்டி. புகை இல்லை, சாம்பல் இல்லை, சில நிமிடத்தில் சூடாகிவிடும். ஆனால் சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால் பேஸ்மென்ட் கார் நிறுத்தத்தில் எரிவாயு மேசை போடச் சொல்லாதீர்கள், நாங்களே கேட்டாலும் கொடுக்காதீர்கள். தரைமட்டத்தில், இரண்டு பக்கமாவது திறந்த இடமாக, பக்கத்தில் சாக்கடை மூடியோ லிஃப்ட் குழியோ இல்லாத மூலையாக இருக்கட்டும். சிலிண்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும், மேசைக்கு அடியில் அல்ல, பக்கவாட்டில்.

மின்சாரம் தருவதென்றால் வாட்ச்மேன் அறையிலிருந்து எக்ஸ்டென்ஷன் போட்டுக்கொள்ளச் சொல்லாதீர்கள். 1000 வாட் பெட்டி நாலரை ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாக இழுக்கும், 2000 வாட் ஸ்டீம் பெட்டி ஒன்பது ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாக இழுக்கும். சுருட்டிவைத்த மெல்லிய ஒயர் சூடேறி உருகுவதும், தளர்ந்த சாக்கெட் கறுப்பதும் இதனால்தான். 16 ஆம்பியர் சாக்கெட் ஒன்று, 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செம்பு ஒயர், சுமை கூடினால் தானே துண்டிக்கும் தனி எம்.சி.பி., மின்கசிவு 30 மில்லி ஆம்பியரைத் தொட்டால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி., சரியான எர்த், தனி சப்-மீட்டர். தண்ணீர் தெளித்த தரையில் நின்று வேலை செய்கிறவருக்கு அந்த ஆர்.சி.சி.பி. உயிர் காக்கும் பொருள். காலடியில் ஒரு ரப்பர் விரிப்பும் வேண்டும். ஓடிய யூனிட்டுக்கு நாங்கள் பணம் கட்டுகிறோம். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் மின்சாரத்தை விட்டுவிட்டுத் தருவதால் 1000 வாட் பெட்டி ஆறு மணி நேரத்துக்கு ஆறு யூனிட் எடுப்பதில்லை.

மாடியில் சோலார் பலகை வைத்திருக்கும் சங்கங்களுக்கு இது இன்னும் எளிது. ஒரு கிலோவாட் பலகை நல்ல வெயிலில் நாளுக்கு நாலு யூனிட் தரும். குடியிருப்பவர்கள் வேலைக்குப் போயிருக்கும் பகல் நேரத்தில்தான் எங்கள் வேலையும் நடக்கிறது. திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கர் தேய்ப்பு வண்டியைச் சூரிய சக்தியில் ஓட்ட வடிவமைத்து, 2021ல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டு மேடை வரை கொண்டுபோனார். ஒரு பள்ளி மாணவிக்குப் பட்டது உங்கள் செயற்குழுவுக்கும் படும் என்று நம்புகிறோம்.

பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை வழியாகச் சலவைத் தொழிலாளர்களுக்கு அரசு இலவசத் தேய்ப்புப் பெட்டி தருகிறது. விண்ணப்பிக்கிறவருக்கு, "இவர் இந்த வளாகத்தில் இந்தத் தொழில் செய்கிறார்" என்று சங்கத்தின் தாளில் ஒரு கடிதம் கொடுங்கள். உங்களுக்கு அது அரைப்பக்கம், அவர் கையில் அது வேலைக்கான அத்தாட்சி. வாசல் பதிவேட்டில் அவரை "அயர்ன்காரர்" என்று எழுதாமல் பெயரை எழுதச் சொல்லுங்கள்.

நாங்கள் கேட்பது எட்டடிக்கு ஆறடி இடம். மேசை போக, ஆள் நிற்கவும், தேய்த்த உருப்படிகளைத் தொங்கவிட ஒரு கம்பி கட்டவும் அவ்வளவு தேவை. மேலே கூரை அவசியம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சாரல் அடித்தால் கரி நமுத்துப்போகும், தேய்த்த துணி ஈரம் குடித்து மறுபடி சுருங்கும். அடுத்த மழைக்காலம் தொடங்குமுன் நடக்கும் பொதுக்குழுவில் இதை ஒரு பொருளாகச் சேர்த்து, முடிவெடுக்கும் நாளில் தேய்க்கிறவரையும் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வளாகங்களில் துணி தேய்க்கும் தொழிலாளர்கள்